புது பேட்டரி வாங்கும் முன் மீட்டரை வையுங்கள்: கடற்கரை ஊரில் வண்டியின் சார்ஜிங்கைச் சோதிக்கும் முறை

"புது பேட்டரி போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலைண்ணே, காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குது."

கடலூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற நான் மழைக்காலத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்கிறவர் பெரும்பாலும் வண்டியை நம்பிப் பிழைக்கிறவராக இருப்பார். துறைமுகத்தில் மீன் ஏற்றுவார், பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவருவார், புதுச்சேரிக்குச் சவாரி ஓட்டுவார். காலையில் வண்டி எடுக்கவில்லை என்றதும் யாரோ "பேட்டரி போயிடுச்சு" என்று சொல்லியிருப்பார்கள். இவரும் கடன் வாங்கியாவது புதிதாக ஒன்று போட்டிருப்பார். ஒருவரும் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் கடற்கரையில் சார்ஜ் ஏறவில்லை என்று வரும் வண்டிகளில் நிறைய வண்டிகளுக்குப் பேட்டரியும் நன்றாக இருக்கும், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்பும் ஆல்டர்நேட்டரும் நன்றாக இருக்கும். நடுவில் உள்ள ஒயரும், பேட்டரியின் மைனஸை வண்டியின் பாடியோடும் இன்ஜினோடும் சேர்க்கும் எர்த் இணைப்பும்தான் உப்புக் காற்றில் அரித்துப் போயிருக்கும். வீட்டில் மோட்டார் ஓடுகிறது, மாடியில் தொட்டியும் ஓட்டையில்லை, நடுவில் குழாய் துருப்பிடித்து அடைத்துக்கொண்டது என்றால் தொட்டியை மாற்றி என்ன பயன்? அந்தக் குழாயை எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். மற்ற சோதனைகள் அதற்கு முன்னும் பின்னும் வரும்.

இது 12 வோல்ட் பேட்டரி உள்ள கார், வேன், சின்ன லோடு வண்டிகளுக்கானது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அந்தப் பக்கமே கை வைக்க வேண்டாம். அது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் தொட வேண்டும்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். நம் ஊர் மெக்கானிக்குகள் ஆல்டர்நேட்டரை இன்றும் "டைனமோ" என்றுதான் சொல்வார்கள். பழைய அம்பாசிடர் காலத்தில் உண்மையிலேயே டைனமோ இருந்தது. அந்தச் சாமான் போய் எத்தனையோ வருடம் ஆகியும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. கடையில் "டைனமோ சார்ஜ் பண்ணல" என்று சொன்னால் ஆல்டர்நேட்டரைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். பெல்ட் சுற்றும்போது நடுவில் உள்ள ரோட்டர் காந்தமாகிச் சுழல்கிறது. சுற்றியுள்ள ஸ்டேட்டர் சுருளில் மாறுமின்சாரம் பிறக்கிறது. டயோட் பிளேட் அதை நேர்மின்சாரமாக மாற்றுகிறது. ரோட்டருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை ரெகுலேட்டர் கூட்டிக் குறைத்து வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்கிறது. ரோட்டருக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பது இரண்டு சின்ன கார்பன் பிரஷ்கள். அவை தேய்ந்தால் மற்றதெல்லாம் புதிதாக இருந்தாலும் சார்ஜ் நின்றுவிடும்.

கை வைப்பதற்கு முன்

பேட்டரி 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. ஷாக் அடிக்காது, சரி. ஆனால் ஒரு ஸ்பேனர் பிளஸ் முனையையும் பாடியையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்து அது அந்த வழியில் மாட்டினால் விரலே கருகும். அதனால் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றாமல் பானெட்டைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது வாயு. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பேட்டரி வெடித்தால் பிளாஸ்டிக் துண்டுகளோடு ஆசிடும் முகத்தில் அடிக்கும். பீடி, சிகரெட், ஊதுபத்தி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது. இருட்டில் பார்க்க லைட்டரைக் கொளுத்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செல்போன் வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், ரப்பர் கையுறை போடுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வாளி தண்ணீரை முதலிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

மூன்றாவது, சுழலும் பாகங்கள். லுங்கி, தோள் துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொங்கும் மீட்டர் ஒயர் எதுவானாலும் ஓடும் பெல்ட் ஒரு நொடியில் இழுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சூட்டுக்குத் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. கியர் நியூட்ரல், கைப்பிரேக் மேலே, சக்கரத்துக்கு ஒரு கல். இது மூன்றும் இல்லாமல் வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்குதா, ஓடுதா பார்ப்போம்" என்று ஆல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் நம் பக்கம் இருக்கிறது. டைனமோ காலத்தில், எலக்ட்ரானிக்ஸ் இல்லாத வண்டியில், அது எப்படியோ தப்பித்தது. இன்றைய வண்டியில் பேட்டரிதான் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும் மெத்தை. ஆல்டர்நேட்டர் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதைத் திடீரென்று எடுத்தால் வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ, ரெகுலேட்டர், டயோட் எது வேண்டுமானாலும் போகும். ஆல்டர்நேட்டரைச் சோதிக்கப் போய் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள இசியூவைப் பறிகொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். யார் சொன்னாலும் இதைச் செய்ய விடாதீர்கள்.

மீட்டரைத் தயார் செய்வது

டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, அது போதும். கருப்பு ஒயர் "காம்" துளையில். சிவப்பு ஒயர் வோல்ட் துளையில். குமிழை நேர்மின்சாரம் 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையையும் தொட்டால் அது நேரடி ஷார்ட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் துளையை ஒரு பார்வை பாருங்கள். ஒயர் நுனியில் மாட்டும் முதலை கிளிப் இரண்டு வாங்கிவிடுங்கள், அப்புறம் அதன் அருமை தெரியும்.

முதலில் கண்ணால்

இன்ஜின் நின்றிருக்கட்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். பெல்ட்டைப் பாருங்கள்: குறுக்கே வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிவு, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு இருக்கிறதா? கையால் இறுக்கம் வைக்கும் வகை என்றால் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்வாங்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். தானே இறுக்கம் பிடிக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில் விரல் சோதனை செல்லாது. மழை பெய்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். பெல்ட் வழுக்கினால் ஆல்டர்நேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

பிறகு டேஷ்போர்டு. சாவியை ஒரு படி திருப்பினால் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. அதுவும் பழுதுதான். பல பழைய வண்டிகளில் அந்த விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்நேட்டருக்கு முதல் தூண்டுதல் மின்சாரமே போகும். பல்பு ஃபியூஸ் ஆனாலோ அந்த மெல்லிய ஒயர் அறுந்தாலோ சார்ஜ் தொடங்காமலே போகலாம்.

பேட்டரியை ஓய்வில் அளப்பது

இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளப்பது நல்லது. அப்படி முடியாவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து அளங்கள். ஓடி நின்ற பேட்டரியில் மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் போய் உண்மை தெரியும்.

12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசிதான். ஒவ்வொரு பேட்டரியிலும் ஆறு செல். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். அதனால் சார்ஜரில் போட்டு எடுத்த பிறகும் 10.5 பக்கத்தில் நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று சொல்லலாம். அப்போது பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

12.4க்குக் கீழே இருந்தால் அடுத்த சோதனைகளுக்குப் போகாமல் முதலில் வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்நேட்டரைச் சோதித்தால் கணக்கு தப்பும். அதோடு, செத்த பேட்டரியை முழுதாக நிரப்பும் வேலையை ஆல்டர்நேட்டர் தலையில் கட்டினால் அது சூடேறிக் கெடும். ஜம்ப் ஸ்டார்ட் செய்து "ஓட்டினா ஏறிடும்" என்று கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் அந்த இரண்டு நொடி

மீட்டரைப் பேட்டரியில் கிளிப் போட்டுவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எண் 10க்கு மேலேயே நின்றால் நன்று. 9.6க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எண் 12 பக்கத்திலேயே நிற்கிறது, ஆனால் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். குறை செல்ஃப் மோட்டாரிலோ அதற்குப் போகும் கேபிளிலோ எர்த்திலோ இருக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். சின்ன காரின் செல்ஃப் 150 ஆம்பியர் இழுத்து மூன்று நொடி சுற்றினால் செலவாவது 0.125 ஆம்பியர்-மணி மட்டுமே. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆல்டர்நேட்டர் சில நிமிடத்தில் ஈடு செய்துவிடும். எனவே தினமும் ஓடும் வண்டியின் பேட்டரி இறங்குகிறது என்றால், அது பழையதாகிச் சார்ஜ் பிடிக்காமல் போயிருக்க வேண்டும், அல்லது சார்ஜ் ஏறவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

ஓடும்போது அளப்பது

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, எல்லா விளக்கும் ஏசியும் அணைந்திருக்க, பேட்டரி முனைகளில் அளங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் இயல்பு. கத்திரி வெயிலில் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கொஞ்சம் குறைந்து 13.5 காட்டலாம். சூட்டில் பேட்டரி கொதிக்காமலிருக்க ரெகுலேட்டரே அப்படிக் குறைக்கும்.

ஸ்டார்ட் செய்யும் முன் இருந்த எண்ணே நின்று, மெல்லக் கீழே இறங்கினால் சார்ஜே இல்லை. உடனே ஆல்டர்நேட்டரைக் கழற்றாதீர்கள். பிளஸ் முனைக்குப் பக்கத்திலோ ஃபியூஸ் பெட்டியிலோ திருகாணி வைத்து முடுக்கிய பெரிய ஃபியூஸ் ஒன்று இருக்கும். பேட்டரியை யாராவது தலைகீழாக மாட்டியிருந்தால் முதலில் போவது அதுதான். ஆல்டர்நேட்டரின் பின்னால் செருகும் பிளக்கையும் பாருங்கள், பச்சை பூத்திருக்கும்.

15ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். பேட்டரி சூடாகி அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இன்ஜினை நிறுத்தி, விலகி நின்று, ஆறவிடுங்கள். அந்த வாயு நச்சு. கிட்டே போய் முகர்ந்து பார்க்கக் கூடாது.

அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் இசியூவே சார்ஜைக் கூட்டிக் குறைக்கிறது. மைனஸ் முனையில் ஒயரோடு சின்னப் பெட்டி ஒன்று இருந்தால் உங்கள் வண்டி அந்த வகையாக இருக்கலாம். அதில் ஒரு சமயம் 12.8, ஒரு சமயம் 14.8 காட்டும். பழுது என்று முடிவு கட்டாமல் ஹெட்லைட் போட்டுப் பாருங்கள், எண் ஏறினால் சரி. இத்தகைய வண்டிக்கு வெளிச் சார்ஜர் மாட்டும்போது கருப்பு கிளிப்பை மைனஸ் முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள்.

இப்போது சுமை ஏற்றுங்கள். ஹெட்லைட் ஹைபீம், ஏசி புளோவர் முழு வேகம், வைப்பர் எல்லாம் ஓடட்டும் (கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ரப்பர் தேயும்). ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தி 2000 ஆர்பிஎம் அருகே பிடித்து அளங்கள். 13.2க்கு மேல் நின்றால் ஆல்டர்நேட்டருக்குத் தெம்பு இருக்கிறது. சுமை போட்டதும் 12.5க்கு விழுந்தால் அடுத்த சோதனைதான் உங்களுக்கு முக்கியம்.

ஒயரில் எவ்வளவு தொலைகிறது

சில வருடத்துக்கு முன் மீன் ஏற்றும் வேன் ஒன்று என்னிடம் வந்தது. பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஒரு கடையில் ஆல்டர்நேட்டரையும் பிரித்துச் சரிசெய்து கொடுத்திருந்தார்கள். ஆனாலும் விடியற்காலையில் ஏலத்துக்குப் போகும் நேரத்தில் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். ஆல்டர்நேட்டர் முனையில் அளந்தால் 14.3. பேட்டரியில் அளந்தால் 12.9. நடுவில் 1.4 வோல்ட் எங்கே போயிற்று? மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் சேசிஸில் வழிந்து, எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் புகுந்து, தாமிரத்தைப் பச்சைப் பொடியாக்கியிருந்தது. பட்டையை மாற்றி, போல்ட் இருந்த இடத்தைச் சுரண்டி முடுக்கியதோடு வேலை முடிந்தது. அந்த மனிதர் கடன் வாங்கிக் கட்டிய பேட்டரிப் பணத்தை நினைத்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதனால்தான்.

சோதனைக்கு வருவோம். ஓடும்போது ஆல்டர்நேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று நேரடியாக அளக்கலாம்.

எர்த் பக்கம் எளிது, பாதுகாப்பும் கூட. அதையே முதலில் செய்யுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, கருப்பு ஒயரின் கிளிப்பைப் பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டுங்கள். கிளாம்பில் மாட்டாமல் நடுவில் உள்ள ஈயக் குமிழிலேயே மாட்ட வேண்டும். சிவப்பு ஒயரின் கிளிப்பை ஆல்டர்நேட்டர் உடம்பில், பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். ஒயர் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாமல் வெளியே வரும்படி போட்டுவிட்டுத்தான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடும்போது கையை உள்ளே விட வேண்டிய வேலையே இல்லை. ஹெட்லைட், புளோவர் போட்டு 2000 ஆர்பிஎம்மில் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் மிக நன்று, 0.2 வரை பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் எர்த் அரித்திருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க சிவப்பு நுனியைப் படிப்படியாகப் பின்னுக்குக் கொண்டுவாருங்கள்: இன்ஜின் உலோகம், வண்டியின் பாடி, எர்த் கேபிளின் முனை, கடைசியாக மைனஸ் கிளாம்ப். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, மாட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் சட்டென்று குறைகிறதோ, கோளாறு அங்கேதான். ஈயக் குமிழுக்கும் அதைச் சுற்றியுள்ள கிளாம்புக்கும் இடையிலேயே அரை வோல்ட் தொலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மேலே பார்த்தால் இரண்டும் இறுக்கமாக ஒட்டித்தான் தெரியும்.

பிளஸ் பக்கத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். ஆல்டர்நேட்டரின் பின்னால் ரப்பர் மூடிக்கு அடியில் உள்ள தடித்த போல்ட்டை பி பிளஸ் என்பார்கள். அது ஃபியூஸ் வழியாகப் பேட்டரியோடு சேர்ந்தே இருப்பதால் இன்ஜின் நின்றாலும் அதில் மின்சாரம் இருக்கும். அதனால் முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிறகு சிவப்பு கிளிப்பை அந்த போல்ட்டில் மாட்டி, வேறு எந்த உலோகத்தையும் தொடவில்லை என்று உறுதிசெய்து, மைனஸைத் திரும்ப மாட்டுங்கள். கருப்பு கிளிப் பேட்டரியின் பிளஸ் குமிழில். ஸ்டார்ட் செய்து, சுமை போட்டு அளங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். போல்ட் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் இந்தப் பகுதியைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம், வீம்பு வேண்டாம்.

ஏன் இந்தச் சின்ன எண்ணுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 50 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் தொலைந்துவிடும். தொலைவது சும்மா போவதில்லை, அந்த இணைப்பில் 50 வாட் சூடாக மாறுகிறது. ஒயர் உருகிய வாசனை பல வண்டிகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

உப்பைக் களைவது

சுத்தம் செய்யும்போது மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட். மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியில் ஈயமும் ஆசிடும் உண்டு. வாயால் ஊதாதீர்கள், வெறும் கையால் துடைக்காதீர்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள், நுரைத்துக்கொண்டு கரையும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் போய்விடக் கூடாது. நல்ல தண்ணீரால் கழுவி, உலரவைத்து, உப்புத்தாளால் குமிழும் கிளாம்பின் உட்புறமும் பளிச்சென்று வரும்வரை தேய்த்து முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். எர்த் பட்டை போல்ட்டுக்கும் இதே வைத்தியம்தான். அடியில் உள்ள பெயின்ட்டைச் சுரண்டி, புது வாஷர் போட்டு இறுக்கி, வெளியே கிரீஸ் பூசுங்கள். தேவனாம்பட்டினம், புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, வைத்திக்குப்பம் மாதிரிக் கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை இதைச் செய்தால் நல்லது.

டயோட் சோதனை

மீட்டரை மாறுமின்சார வோல்ட்டுக்கு மாற்றுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போதே பேட்டரியில் ஒரு முறை அளந்து பாருங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். சில மலிவு மீட்டர்கள் இந்த இடத்தில் 26, 28 என்று காட்டும். அந்த மீட்டரால் இந்தச் சோதனை செய்ய முடியாது, ஒதுக்கிவிடுங்கள். பூஜ்யம் காட்டினால் இன்ஜினை ஓடவிட்டு, சுமையோடு அளங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஒரு டயோட் போயிருக்கிறது. ரேடியோவில் ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம், வண்டி நின்று பல மணி நேரமாகியும் ஆல்டர்நேட்டர் வெதுவெதுப்பாக இருப்பது, இரண்டும் அதன் அடையாளங்கள்.

இரவில் ஒழுகும் மின்சாரம்

எல்லாம் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸைக் கழற்றி, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கும் குமிழை நேர்மின்சாரம் 10 ஆம்பியருக்கும் மாற்றி, கழன்ற கேபிளுக்கும் மைனஸ் குமிழுக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள்; வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போகும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அந்த அளவுகூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி தின்னும். அதனால் இரண்டு வாரம் அசையாமல் நிற்கும் காரில் பாதி பேட்டரி காலியாவதில் வியப்பில்லை. அதிகமாகக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தச் சுற்றுதான். வாடகை வண்டிகளில் பிறகு மாட்டிய ஜிபிஎஸ், கேமரா, பாட்டுப் பெட்டி இவற்றில்தான் எனக்குப் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்குத் திருப்பிவிடுங்கள்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான பைக்குகளில் பெல்ட் ஓட்டும் ஆல்டர்நேட்டர் இல்லை. இன்ஜினுக்குள்ளேயே காந்தமும் சுருளும், வெளியே டயோடும் ரெகுலேட்டரும் ஒன்றாக அடங்கிய ஆர்ஆர் யூனிட்டும் இருக்கும். ஐட்லிங்கில் எண் குறைவாகக் காட்டுவது சகஜம். கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து அளந்தால் 13.5 முதல் 14.8 வரை வர வேண்டும். ஆர்ஆர் யூனிட்டில் செருகும் ஒயர் பிளக் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வழியில் விளக்கு எரிந்தால்

இரவில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் சிவப்பு விளக்கு எரிகிறது. என்ன செய்வது? முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். அதே பெல்ட் வாட்டர் பம்பையும் ஓட்டும் வண்டியில் பெல்ட் அறுந்திருந்தால் இன்ஜின் கொதித்துவிடும், உடனே ஓரங்கட்டுங்கள். சூடு ஏறவில்லை என்றால் ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை மட்டும் அணைக்காமல், வெளிச்சமுள்ள அடுத்த ஊர்வரை போங்கள். அணைத்தால் திரும்ப எடுக்கும் என்று உறுதியில்லை. நல்ல நிலையில் உள்ள பேட்டரி ஹெட்லைட்டோடு அரை மணி நேரமாவது தாங்கும், தளர்ந்தது அவ்வளவும் தாங்காது. ஸ்டியரிங் கனக்க ஆரம்பித்தாலோ விளக்கு மங்கினாலோ அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்தச் சோதனை எதுவும் முதலில் வேண்டாம். 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவி போட்டுக் கெடுத்தவர்கள் பலர். பல வண்டிகளில் ஆல்டர்நேட்டர் இன்ஜினின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். மைனஸைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போய், ஆல்டர்நேட்டரைக் கழற்றிக் காயவைத்து, பிரஷும் பேரிங்கும் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால் வெறுமனே "சார்ஜ் ஏறல" என்று சொல்லாமல், நீங்கள் எடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஓய்வில் இவ்வளவு, செல்ஃப் அடிக்கும்போது இவ்வளவு, சுமையில் இவ்வளவு, எர்த்தில் தொலைவது இவ்வளவு. கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோட் பிளேட் மூன்றும் பல ஆல்டர்நேட்டர்களில் தனித்தனியாகக் கிடைக்கும், முழுசாக மாற்றத் தேவையில்லாமல் போகலாம். அதையும் கேளுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண்முன்னே சுமை போட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் அதே தாளில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த மழைக்கு முன் அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது இருக்கும்.